ஃபோர்ஜிங் டைக்கு அருவா துவச்சல் ஏன் செல்லாது

நம்ம கடற்கரைப் பக்கம் இரும்பைப் பத்திப் பேச்செடுத்தா கடைசில துவச்சல்லதான், அதாவது செவக்கக் காச்சுன இரும்ப சட்டுனு முக்கிக் கெட்டியாக்குறதுலதான், வந்து நிக்கும். பாளை சீவுற அருவாளோ, சீமைக்கருவேல வெட்டுற வெட்டருவாளோ, இரும்பு எங்க வாங்குனதுன்னு ஒருத்தரும் கேக்க மாட்டாங்க, துவச்சது யாருன்னுதான் கேப்பாங்க. சாயல்குடி, முதுகுளத்தூர், கமுதிப் பக்கத்துப் பட்டறைகள்ல பழைய லாரி ஸ்பிரிங் பட்டைய வெட்டி கருவேலங்கரி உலையில காச்சி அடிச்சு துவச்சுக் குடுக்குற அருவா வருஷக்கணக்கா உழைக்கும், அதுல நான் ஒரு கொறையும் சொல்ல மாட்டேன்.

ஆனா அந்த நம்பிக்கையில ஒரு கேள்வி வருது பாருங்க, ஐடிஐ முடிச்சிட்டு ஏதாவது தொழில் வைக்கலாமான்னு யோசிக்கிற தம்பிமாருங்க கேக்குறது. ராமேஸ்வரம், பாம்பன், மண்டபம், தொண்டின்னு விசைப்படகு நிக்கிற எடத்துல எல்லாம் கயிறு, சங்கிலி இணைக்கிற ஷேக்கிள், கொக்கி, ஐபோல்ட்டுன்னு ஃபோர்ஜிங் சாமான், அதாவது பழுக்கக் காச்சி அடிச்சு உருவாக்குற சாமான், ஓடிக்கிட்டே இருக்கு. நாட்டுல ஃபோர்ஜிங்குக்குப் பேர் போன ஊருன்னா லூதியானா, ஜலந்தர், புனேன்னு எல்லாம் அங்கிட்டு கெடக்கு. நாமளே ஒரு சம்மட்டி மிஷின் போட்டு, டை, அதாவது சாமானோட வடிவத்துல குழி வெட்டுன இரும்புக் கட்டை செஞ்சு, இங்கனயே அடிச்சா என்ன அண்ணே, டை இரும்ப வாங்கி ஒரு நல்ல ஆசாரிகிட்ட குடுத்து துவச்சிட்டா முடிஞ்சு போச்சுல்ல?

முடியாது. டையில துவச்சல்ங்கிறது பாதி வேலைகூட இல்ல, அதுக்கப்புறம் 550, 600 டிகிரியில ரெண்டு தடவை மூணு தடவைன்னு மணிக்கணக்கா ஃபர்னஸ்ல வெச்சு எடுக்குறாங்களே அந்த டெம்பரிங்லதான் டையோட ஆயுசே கெடக்கு. அது ஏன்னு புரியணும்னா ரெண்டு இரும்பும் என்னென்ன பாடு படுதுன்னு பாக்கணும்.

அருவாளோட பாடு சின்னது. மரத்துல படுது, பாளையில படுது, எப்பவாவது கல்லுல படுது. சூடுங்கிறதே அதுக்கு இல்ல. டை அப்படி இல்ல. ஷேக்கிள் அடிக்கப்போற கம்பித்துண்டு உலையிலருந்து வரும்போது 1150லருந்து 1250 டிகிரி வரை இருக்கும், டை அந்த நேரம் 200, 250 டிகிரியில நிக்குது, அடி விழுற அந்தக் கொஞ்ச நேரத்துல சுடு இரும்பு குழிக்குள்ள பிதுங்கி ஓடி மூலைமுடுக்கெல்லாம் உரசிக்கிட்டே நிரம்புது, அப்ப டையோட மேல்தோல் மட்டும் 500, 600, சில மூலையில 700 டிகிரி வரைக்கும் ஏறிடும். சாமானை எடுத்த உடனே கிராஃபைட் கலந்த தண்ணிய பீச்சுவாங்க, மேல்தோல் சட்டுனு எறங்கும். திரும்ப அடுத்த துண்டு. ஒரு ஷிஃப்ட்டுல இது நூத்துக்கணக்குல நடக்கும், இதுக்கு மேல சம்மட்டியோட அடி வேற.

இப்ப துவச்சலுக்கு வருவோம். இரும்ப செவக்கக் காச்சுனா, ஸ்பிரிங் பட்டைன்னா 850 டிகிரி பக்கம்னு வெச்சுக்கங்க, உள்ள அணுக்களோட அடுக்கு மாறி ஆஸ்டனைட்டுங்கிற நிலைக்குப் போயிடும், அந்த நிலையில கார்பன் தாராளமா கரையும். நெதானமா ஆற விட்டா கரைஞ்ச கார்பன் வெளிய வந்து தனியா ஒதுங்கிக்கும், இரும்பு திரும்ப மெதுவாயிடும். சட்டுனு குளுர வெச்சா கார்பன் வெளிய வர நேரம் கெடைக்காம உள்ளயே மாட்டிக்கும், அடுக்கு முறுக்கிக்கிட்டு நிக்கும், அந்த முறுக்குதான் கெட்டித்தன்மை. மார்ட்டென்சைட்டுன்னு பேரு. நம்ம ஆசாரிங்க காந்தத்த வெச்சுப் பாத்து, ஒட்டலன்னா சூடு சரியா வந்திருச்சுன்னு கொஞ்சம் மேல ஏத்தி முக்குவாங்க, இரும்பு 770 டிகிரியில காந்தத்துக்கு ஒட்டாமப் போயிரும்ங்கிறதால அது கண்ணால நெறம் பாக்குறத விட நல்ல கணக்கு.

முக்குனதோட விட்டா அருவா படக்குனு ஒடிஞ்சிரும், அதனால முதுகுப் பக்கம் சூடு காட்டி, வாயில ஏறுற கலரைப் பாத்து, வைக்கோல் நெறம் வந்து ஊதா திரும்புறதுக்குள்ள நிறுத்துவாங்க. வைக்கோல் நெறம்னா 220, 230 டிகிரி, நல்ல நீலம்னா 300 பக்கம். இதுவும் டெம்பரிங்தான், ஆசாரி பேரு வைக்கலயே தவிர செய்யிறது அதுதான். முறுக்கக் கொஞ்சம் தளர்த்தி ஒடியாம பாத்துக்குறது.

இந்த எடத்துலதான் அருவா துவச்சல் டைக்கு ஒத்துவராமப் போகுது. 230 டிகிரியில இறக்குன இரும்பு 230க்குக் கீழ இருக்குற வரைக்கும்தான் தன் கெட்டித்தன்மையக் காப்பாத்தும். அதே இரும்பு 600 டிகிரியப் பாத்துச்சுன்னா மாட்டியிருந்த கார்பன் எல்லாம் வெளிய வந்து பெரிய பெரிய துணுக்கா சேந்து போயி, 55 எச்ஆர்சி (ராக்வெல் மிஷின்ல எடுக்குற கெட்டித்தன்மை அளவு) இருந்தது 30 சொச்சத்துக்கு எறங்கிடும். ஸ்பிரிங் பட்டையில டை செஞ்சு, அட்டகாசமா துவச்சு, ஃபைல் போட்டா வழுக்கிக்கிட்டு போற அளவுக்கு கெட்டி பண்ணி வெச்சாலும், அடிக்க அடிக்க சுடு இரும்பே அதுக்கு வேற ஒரு டெம்பரிங் போட்டு விட்டுரும். குழியோட வெளிம்பு மழுங்கும், ஆழம் அமுங்கும், சாமான் அளவு தவறும். கெட்டித்தன்மைன்னு எவ்வளவு நம்பர் வந்துச்சுங்கிறது ரூம்ல வெச்சு எடுத்த அளவு, டை வேலை செய்யிறது ரூம் சூட்டுல இல்லையே.

கடல்தண்ணி கதையையும் இங்கயே சொல்லிடுறேன், ஏன்னா இது நம்ம ஊர்ல மட்டும் கேக்குற கேள்வி. கடல்தண்ணில துவச்சா இரும்பு இன்னும் கெட்டியாகும்னு சொல்றவங்க இருக்காங்க. அதுல பாதி உண்மை இருக்கு. பழுக்கக் காச்சுன இரும்ப நல்ல தண்ணில விட்டா மொதல்ல அதச் சுத்தி ஒரு ஆவிப் போர்வை உண்டாகும், அது இருக்குற வரைக்கும் தண்ணி இரும்பத் தொடாது, சூடு மெதுவாத்தான் எறங்கும், அதுவும் எடத்துக்கு எடம் வேற வேற வேகத்துல. உப்பு கலந்திருந்தா, சூட்டுல உப்புப் பொடி இரும்பு மேல படிஞ்சு வெடிச்சு அந்தப் போர்வையக் கிழிச்சுக்கிட்டே இருக்கும், அதனால வேகமா, ஓரளவு ஒரே சீரா குளுரும். ஹீட் ட்ரீட்மென்ட் புஸ்தகங்கள்ல 10 சதவீதம் பக்கம் உப்பு போடச் சொல்லுவாங்க, கடல்ல இருக்குறது 3.5 சதவீதம்தான், ஆனாலும் வித்தியாசம் தெரியும். மீதிப் பாதி என்னன்னா, எவ்வளவு கெட்டியாகலாம்ங்கிற உச்சவரம்ப முடிவு பண்றது இரும்புல உள்ள கார்பன், தண்ணி இல்ல. தண்ணியோட வேலை அந்த உச்சத்த தவற விடாமப் புடிக்கிற அளவு வேகம் குடுக்குறது மட்டும்தான். கார்பன் மட்டும் உள்ள சாதா இரும்புக்கு அந்த வேகம் தேவைப்படுது, கொஞ்சம் தடிச்ச துண்டுன்னா கடல்தண்ணி ஒதவும். ஸ்பிரிங் பட்டைக்கு எண்ணெயே போதும், கடல்தண்ணில போட்டா கீறல் விடுறதுக்கு வாய்ப்பு ஜாஸ்தி. டை இரும்ப அதுல முக்குனீங்கன்னா சத்தமே கேக்கும், கட்டை ரெண்டாப் பொளந்துரும். காரணம் என்னன்னா ஆஸ்டனைட் மார்ட்டென்சைட்டா மாறும்போது கொஞ்சம் பெருக்கும், வெளிய மொதல்ல குளுந்து கெட்டியாகி நின்னுட்ட பெறகு உள்ள லேட்டா பெருத்தா அது வெளிய இருக்குறத கிழிக்காம என்ன பண்ணும்.

டை இரும்புக்கு அந்த அவசரமே தேவையில்லைங்கிறதுதான் விஷயம். எச்13ன்னு சொல்றாங்களே, ஜெர்மன் நம்பர்ல 1.2344, அதுல கார்பன் வெறும் 0.4 சதவீதம், குரோமியம் 5, மாலிப்டினம் 1.3 பக்கம், வனேடியம் 1, சிலிக்கான் 1. ஸ்பிரிங் பட்டைய விட கார்பன் கம்மி, அதப் பாத்துட்டு இது என்ன டை இரும்புன்னு நினைக்கிறவங்க உண்டு. குரோமியமும் மாலிப்டினமும் கார்பனோட நடமாட்டத்த மெதுவாக்கிடுது, அதனால காத்துல ஆற விட்டாலே இது மார்ட்டென்சைட்டா மாறிடும். உள்ளங்கை அகலத்துக்குத் தடிமன் உள்ளதெல்லாம் ஊதுற காத்துலயே கெட்டியாகும், பெரிய கட்டைக்கு எண்ணெயோ வேக்குவம் ஃபர்னஸ்ல அழுத்தி ஊதுற நைட்ரஜனோ வேணும்.

ஆனா எச்13க்கு காசு குடுக்குறது காத்துல கெட்டியாகுறதுக்காக இல்ல. துவச்ச பெறகு அத 500 டிகிரி பக்கம் கொண்டு போனா ஒரு வினோதம் நடக்கும், மத்த இரும்பெல்லாம் மெதுவாகிக்கிட்டே போற எடத்துல இது திரும்பக் கெட்டியாகும். மாலிப்டினமும் வனேடியமும் அந்தச் சூட்டுலதான் நகரவே ஆரம்பிக்குது, நகந்து போயி கார்பனோட சேந்து கண்ணுக்கு மட்டுமில்ல சாதா மைக்ராஸ்கோப்புக்கும் தெரியாத சின்ன கார்பைடு துணுக்குகளா இரும்பு முழுக்க படியும். அந்தத் துணுக்கு 550 டிகிரியில உண்டானதுங்கிறதால 500 டிகிரி சூட்டுக்கெல்லாம் சட்டுனு அசையாது. டைக்கு வேண்டியது இதுதான். இதே சூட்சுமத்தத்தான் அமெரிக்காவுல பெத்லஹெம் ஸ்டீல் கம்பெனியில டெய்லரும் வைட்டும் லேத் டூலுக்குக் கண்டுபுடிச்சு 1900 பாரிஸ் கண்காட்சியில காட்டுனாங்க, டூல் நுனி செவந்து போயும் இரும்ப வெட்டிக்கிட்டே இருந்ததப் பாத்து சனம் அசந்து போச்சு. ஹைஸ்பீடு ஸ்டீல்னு இன்னைக்கு டிரில் பிட்டுல வாங்குறோமே, அதுதான்.

கடையில போயி நின்னா பேருக்கு பஞ்சமில்ல. மதுரையிலயும் கோயம்புத்தூர்லயும் சென்னையிலயும் டூல் ஸ்டீல் விக்கிற கடையில ஓஎச்என்எஸ், எச்சிஎச்சிஆர், எச்13, டிபி6, ஈஎன்24ன்னு பலகையில எழுதியிருக்கும். கெட்டித்தன்மை கூடுனதுதான் நல்லதுன்னு நினைச்சு எச்சிஎச்சிஆர் வாங்கிட்டு வர்றது அடிக்கடி நடக்குற ஏமாற்றம். அதுல குரோமியம் 12 சதவீதம், கார்பன் ஒன்றரையோ ரெண்டோ, 60 எச்ஆர்சி வரைக்கும் போகும், தகடு வெட்டுற பஞ்ச்சுக்கும் டைக்கும் அத அடிச்சுக்க ஆளில்ல. ஆனா அந்தக் கார்பன் எல்லாம் பெரிய பெரிய கார்பைடு கட்டியா நீளவாக்குல வரிசை கட்டி நிக்கும், சூடு ஏறி எறங்குற எடத்துல, சம்மட்டி விழுற எடத்துல, விரிசல் அந்த வரிசையப் புடிச்சுக்கிட்டே ஓடிடும். ஓஎச்என்எஸ்ஸும் சூடு பண்ணாம பச்சையா அடிக்கிற வேலைக்கு நல்லது, சுடு வேலைக்கு 200 டிகிரி தாண்டுனா கெட்டித்தன்மை கரைய ஆரம்பிச்சிடும், அருவா கதைதான்.

சுடு வேலைக்குன்னு பாத்தா நெசமான போட்டி எச்13க்கும் டிபி6க்கும்தான். டிபி6ங்கிறது ஜெர்மன் நம்பர் 1.2714, அதுல கார்பன் 0.55 பக்கம், நிக்கல் ஒன்றரைக்கு மேல, குரோமியம் 1, மாலிப்டினம் அரை சதவீதம் பக்கம். நிக்கல் இருக்குறதால அடி தாங்கும், பெரிய கட்டையிலயும் நடு வரைக்கும் கெட்டியாகும், ஆனா மாலிப்டினமும் வனேடியமும் கம்மிங்கிறதால சூட்டுல எச்13 அளவுக்கு நிக்காது. அதனால சம்மட்டி மிஷினுக்கு, அடி பலமா விழுந்து ஆனா சாமான் டையோட ஒட்டியிருக்குற நேரம் கம்மியா இருக்குற எடத்துக்கு, டிபி6 கட்டை 38லருந்து 42 எச்ஆர்சி வரை. பிரஸ்ல அடிக்கிறதுக்கு, அடி அமுக்கமா விழுந்து சூடு ரொம்ப நேரம் ஒட்டுற எடத்துக்கு, எச்13 44லருந்து 50 வரை. சில பேர் டிபி6 கட்டையில குழி வெட்டி, சாமான் வடிவம் வர்ற எடத்துல மட்டும் எச்13 துண்ட எறக்கி வைப்பாங்க, ரெண்டோட நல்லதும் கெடைக்கும், தேஞ்சா துண்ட மட்டும் மாத்திக்கலாம்.

புதுசா ஆரம்பிக்கிற தம்பிக்கு என் அபிப்பிராயம் என்னன்னா மொத டைக்கு டிபி6 கட்டைய ஏற்கனவே கெட்டி பண்ணி விக்கிறாங்க, அத வாங்கி அப்படியே மில்லிங்ல குழி வெட்டிக்கங்க. 40 எச்ஆர்சி கார்பைடு கட்டருக்குப் பெரிய விஷயமில்ல, ஹீட் ட்ரீட்மென்ட்டுங்கிற தலைவலியே இருக்காது, கோணலும் ஆகாது. ஷேக்கிள் சின்ன சாமான், சம்மட்டி மிஷின்ல தாராளமா ஓடும். எச்13க்குப் போறது ஆர்டர் கூடுன பெறகு பாத்துக்கலாம்.

போயிட்டா, எச்13 ஹீட் ட்ரீட்மென்ட் எப்படி நடக்கணும்னு தெரிஞ்சு வெச்சுக்கங்க, ஏன்னா காசு வாங்கிட்டு குறுக்கு வழியில செஞ்சு குடுக்குற எடம் எல்லா ஊர்லயும் இருக்கு. கடையிலருந்து வரும்போது கட்டை மெதுவான நிலையில இருக்கும், பிரினெல்ங்கிற இன்னொரு கெட்டி அளவுல 235க்குள்ள. மொதல்ல ரஃபா மெஷின் பண்ணிட்டு 650 டிகிரியில வெச்சு மெதுவா ஆற விட்டு, வெட்டும்போது உள்ள ஏறுன இறுக்கத்த எடுத்துடணும், இல்லன்னா கெட்டி பண்ணும்போது டை முறுக்கிக்கும். அதுக்கப்புறம் பினிஷ் அளவுக்குக் கொஞ்சம் மிச்சம் வெச்சு வெட்டி அனுப்பணும்.

ஃபர்னஸ்ல ஒரே மூச்சா 1030க்கு ஏத்தக் கூடாது. எச்13 வழியா சூடு கடக்குறதே மெதுவு, சாதா இரும்போட பாதி அளவுதான், அதனால வெளிய செவந்து நிக்கும்போது நடுவுல கறுத்துக் கெடக்கும், அந்த வித்தியாசமே டைய வளைச்சிடும். 650ல நிறுத்தி உள்ளயும் வெளியயும் சமமாகட்டும், திரும்ப 850ல நிறுத்தி சமமாகட்டும், அப்புறம் 1020, 1030. அங்க நடுப்பகுதிக்கும் சூடு போயி சேந்த பெறகு அரை மணி நேரம் கணக்கு. 1030ங்கிறது ஏன்னா அந்தச் சூட்டுலதான் கார்பைடுங்க போதுமான அளவு கரையும், கரைஞ்சாதானே டெம்பரிங்ல சின்னத் துணுக்கா திரும்ப வரும். இன்னும் கரையட்டும்னு 1080, 1100ன்னு ஏத்துனா இரும்புக்குள்ள இருக்குற பொடிப்பொடி மணிங்க, அதான் குருணை, பெருத்துப் போயி டை ஒடியிற குணத்துக்கு வந்துடும். அருவா ஆசாரி 850ல காச்சுற பழக்கத்துல எச்13ய 850, 900ல காச்சி முக்குனா, கார்பைடு கரையாமலே நிக்கும், கெட்டித்தன்மை வராது, அப்புறம் இரும்பு டூப்ளிகேட்டுன்னு கடைக்காரர்கிட்ட சண்டைக்குப் போவாங்க.

1030 டிகிரியில தெறந்த ஃபர்னஸ்ல காத்து பட்டுக்கிட்டு இருந்தா மேல்தோல்ல உள்ள கார்பன் எரிஞ்சு போயிடும். உள்ள 48 இருக்கும், மேல அரை மில்லிமீட்டர் மெதுவா இருக்கும், டையோட உரசல் எல்லாம் படுறது அந்த அரை மில்லிமீட்டர்லதான். வேக்குவம் ஃபர்னஸ்ல இந்தப் பிரச்சனையே இல்ல. இல்லாத எடத்துல எவர்சில்வர் ஃபாயில்ல சுத்துவாங்க, இல்ல டப்பாவுக்குள்ள வார்ப்பிரும்புச் சீவல நெரப்பி டைய உள்ள புதைப்பாங்க. நம்ம ஊர்லதான் கரி மூட்டை மூட்டையா கெடக்கே அத நெரப்பலாமான்னா, புதுக் கரின்னா அது எதிர்ப்பக்கமா வேலை பாத்துடும், கரியில உள்ள கார்பன் தோலுக்குள்ள ஏறி மேல மட்டும் பளிங்குக் கெட்டியாகி விரிசல் விடும். அதனால எரிஞ்சு தீந்த கோக் தூள்தான் போடுவாங்க. உப்புக் குளியல்ல செய்யிற எடமும் இருக்கு, வாலிநோக்கத்து உப்பு இல்லீங்க, பேரியம் குளோரைடு, அது உருகுன நிலையில 1000 டிகிரிக்கு மேல நிக்கும், விஷம் வேற, நம்ம வீட்டுப் பின்னாடி வெச்சு வெளையாடுற சாமான் இல்ல.

குளுர வைக்கிறதுல எச்13க்கு அவசரம் தேவையில்லன்னு சொன்னேன்ல, அதுக்காக சோம்பேறித்தனமாவும் விடக் கூடாது. 1000லருந்து 540 வரைக்கும் எறங்குற தூரத்துல ரொம்ப மெதுவா போனா குருணைகளோட ஓரத்துல கார்பைடு படிஞ்சு வரிசை கட்டிடும். ராக்வெல் மிஷின்ல பாத்தா நம்பர் சரியாவே இருக்கும், அடி விழுந்தாதான் தெரியும், அந்த ஓரத்தப் புடிச்சே ஒடியும். உருக்குன உலோகத்த உள்ள ஏத்துற டை காஸ்டிங் டைக்கு அமெரிக்கக்காரன் சங்கம் போட்டு வெச்சிருக்குற கணக்கு, டையோட மேல்பக்கம் நிமிஷத்துக்குக் கொறைஞ்சது 28 டிகிரியாவது எறங்கணும்ங்கிறது. ஃபோர்ஜிங்குக்கும் அத ஒரு அளவா வெச்சுக்கலாம்.

குளுந்து 60, 65 டிகிரி வந்ததும், கை வெச்சு உடனே எடுக்குற சூடு, அப்பவே டெம்பரிங் ஃபர்னஸுக்குள்ள போயிடணும். சாயங்காலம் முக்கி வெச்சுட்டு காலையில வந்து டெம்பரிங் போடுறேன்னு போறவங்க காலையில வந்து பாத்தா டையில மயிரிழை விரிசல் ஓடியிருக்கும். அந்த நேரத்துல டைக்குள்ள அம்புட்டு இறுக்கம்.

டெம்பரிங்ல நம்பர்களப் பாருங்க. 1030 பக்கத்துல துவச்ச எச்13க்கு 500 டிகிரி பக்கம்தான் கெட்டித்தன்மை உச்சம், 52க்கு மேல வரும். அங்க நிறுத்துனா நம்பர் அழகா இருக்கும், ஆனா அடி தாங்குற சக்தி அந்த எடத்துலதான் ஆகக் கம்மி. அதனால உச்சத்தத் தாண்டிப் போயி 555ல 50, 575ல 48, 593ல 46, 605ல 44ன்னு வேண்டியதப் புடிப்பாங்க. கவனிச்சீங்களா, 50 டிகிரி வித்தியாசத்துல 6 பாயின்ட் போயிடுது. ஃபர்னஸோட சூடு அளக்குற தெர்மோகப்பிள் 20 டிகிரி பொய் சொன்னா 48 கேட்டவருக்கு 46 வரும், இல்ல 50 வந்து ஒடியும். மலிவா செய்யிற எடத்துக்கும் ஒழுங்கா செய்யிற எடத்துக்கும் உள்ள வித்தியாசம் முக்கால்வாசி இந்த தெர்மோகப்பிள்லதான்.

ஒரு டெம்பரிங் ஏன் பத்தாதுன்னா, துவச்ச பெறகும் கொஞ்சம் ஆஸ்டனைட் மாறாம உள்ளயே ஒளிஞ்சுக்கிட்டு இருக்கும். மொத டெம்பரிங் முடிஞ்சு ஆறும்போது அது மார்ட்டென்சைட்டா மாறும், ஆனா அது புது மார்ட்டென்சைட், டெம்பரிங் படாதது, முறுக்கோட நிக்கிறது. அத தளர்த்த ரெண்டாவது தடவை வேணும். ஒவ்வொரு தடவையும் தடிமன் 25 மில்லிமீட்டருக்கு ஒரு மணி நேரம், எவ்வளவு சின்னதா இருந்தாலும் ரெண்டு மணிக்குக் கொறையக் கூடாது, நடுவுல ரூம் சூட்டுக்கு முழுசா ஆறணும். நாலு மணி நேரத்த ஒரே தடவையா வெச்சு எடுத்துட்டு டபுள் டெம்பர்னு பில்லு போட்டா அது டபுள் டெம்பர் இல்ல, ஆறுறதுதான் கணக்கு.

டை வேலைக்கு வந்த பெறகு அதக் கொல்றது பெரும்பாலும் நாம சொன்ன சூடு ஏறி எறங்குற விஷயம்தான். ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பாக்கலாம். எச்13 ஒவ்வொரு டிகிரிக்கும் பத்து லட்சத்துல 12 பங்கு நீளும். மேல்தோல் 400 டிகிரி ஏறுனா நூத்துக்கு அரைப் பங்கு நீளணும்னு பாக்குது, கீழ இருக்குற குளுந்த இரும்பு நீள விடாது. அந்தத் தடுப்ப அழுத்தமா மாத்துனா 900 மெகாபாஸ்கல் பக்கம் வருது, 600 டிகிரியில எச்13 தாங்குறதுக்கு மேல. அதனால தோல் அமுங்கிக் குறுகிடும். அடுத்து கிராஃபைட் தண்ணி பட்டுக் குளுரும்போது, குறுகிப்போன தோலு இப்ப பத்தாமப் போயி இழுபடும். அமுங்கி இழுபட்டு, அமுங்கி இழுபட்டு, கடைசில தோலு பூரா கோடை வந்த கண்மாய்த் தரையா கட்டம் கட்டமா வெடிச்சு நிக்கும். அந்த வெடிப்புக்குள்ள சுடு இரும்பு புகுந்து சாமான் மேல வரி வரியா தெரியும், அப்புறம் வெடிப்பு ஒண்ணு ஆழமாப் போயி டை பொளக்கும்.

இதுக்கு வைத்தியம் ரொம்ப எளிமை, ஆனா யாரும் பொறுமையா செய்யிறதில்ல. காலையில மொத அடிக்கு முன்னாடி டைய 200, 250 டிகிரிக்கு சூடு பண்ணணும், கேஸ் பர்னர் வெச்சோ, காச்சுன இரும்புக் கட்டைய ரெண்டு டைக்கும் நடுவுல வெச்சோ. சூடு பண்ணுன டையில ஏத்த எறக்க வித்தியாசம் கொறையும், எச்13 குளுந்து கெடக்கும்போது இருக்குறத விட சூட்டுல நல்லாவே அடி தாங்கும். லீவு முடிஞ்சு வந்த மொத நாள் காலையில, மொத பத்து அடிக்குள்ள டை ஒடிஞ்சுதுன்னா இரும்ப திட்டாதீங்க. கிராஃபைட் தண்ணியும் அளவா, பூவாளி போடுற அளவுக்கு ஊத்தக் கூடாது.

நைட்ரைடிங் பண்ணலாமான்னா பண்ணலாம், 520 டிகிரி பக்கம் நைட்ரஜன தோலுக்குள்ள ஏத்துறது, 0.1, 0.2 மில்லிமீட்டர் ஆழத்துக்கு விக்கர்ஸ்ங்கிற கெட்டி அளவுல 1000 மாதிரி வரும், உரசலுக்கு நல்லா நிக்கும். டெம்பரிங் சூட்டுக்குக் கீழ நடக்குறதால உள்ள கெட்டித்தன்மை கெடாது. அடி பலமா விழுற டையில ஆழமா போட்டா ஓரம் பேந்துக்கிட்டு வரும், அதனால மெல்லிசா.

நம்ம கடற்கரைக்குன்னு தனியா ஒரு தலைவலி இருக்கு, உப்புக்காத்து. 5 சதவீதம் குரோமியம் இருக்கே துரு புடிக்காதுன்னு நினைக்க வேண்டாம், துருப்பிடிக்காத இரும்புன்னா குரோமியம் பத்தரைக்கு மேல வேணும், அதுவும் கரையாம கார்பைடுல மாட்டுன குரோமியம் கணக்குல வராது. பாலிஷ் போட்ட டைய தொண்டியிலயோ மண்டபத்துலயோ தெறந்த கொட்டகையில வெச்சா ஒரு வாரத்துல புள்ளி புள்ளியா துரு எடுத்துடும். அந்தப் புள்ளிங்க வெறும் அழுக்கு இல்ல, ஒவ்வொண்ணும் ஒரு குழி, விரிசல் அங்கருந்துதான் ஆரம்பிக்கும். கழட்டுன உடனே கிராஃபைட்டு தண்ணிய தொடச்சு, சூடு ஆறுறதுக்குள்ள கிரீஸோ துரு தடுக்குற எண்ணெயோ தடவி, பிளாஸ்டிக் உறை போட்டு வைக்கணும். ஐப்பசி, கார்த்திகை மழைக்காலத்துல ரெண்டு மடங்கு கவனம். துவைக்கிற எண்ணெய்த் தொட்டியும் அப்படித்தான், மூடாம விட்டா அடியில தண்ணி எறங்கி நிக்கும், செவந்த இரும்பு அந்தத் தண்ணியத் தொட்டா ஆவி வெடிச்சு எண்ணெய் பொங்கித் தீப்புடிக்கும். இதுல உயிரே போகலாம்.

கடைசியா ஒண்ணு. டை ஓடிக்கிட்டு இருக்கும்போதே அப்பப்ப கழட்டி, கடைசி டெம்பரிங் போட்ட சூட்டுக்கு ஒரு 30 டிகிரி கீழ வெச்சு ரெண்டு மணி நேரம் ஊற விட்டு எடுத்தா, அடியில ஏறுன இறுக்கம் தளந்து ஆயுசு நீளும். மின்பொறியால வெட்டுற ஸ்பார்க் மிஷின்ல குழி வெட்டுன டைக்கும் வேலைக்குப் போகும் முன்னாடி இது கட்டாயம், மேல உருகி உறைஞ்ச தோல உரசி எடுத்துட்டு. ஆனா கடைசி டெம்பரிங் எத்தனை டிகிரின்னு தெரியாம இத செய்ய முடியாது, தாண்டிட்டா கெட்டித்தன்மை போச்சு. ஹீட் ட்ரீட்மென்ட் குடுக்குற எடத்துல எச்ஆர்சி நம்பர் மட்டும் வாங்கிட்டு வராம, எத்தனை டிகிரியில காச்சுனீங்க, எத்தனை டிகிரியில எத்தனை தடவை டெம்பர் பண்ணீங்கன்னு ஃபர்னஸ் சார்ட்டோட கேளுங்க, குடுக்க மாட்டேன்னா வேற எடம் பாருங்க. வாங்குன அந்த டிகிரிய டையோட பின்பக்கத்துல நம்பர் பஞ்ச்சால அடிச்சு வைங்க, சீட்டு எப்படியும் காணாமப் போயிரும்.